வடசென்னைக்குக் குடிவருகிறீர்களா? தெரு உங்களுக்கு ஒரு பேர் வைக்கும்

எங்கள் பக்கத்தில், அதாவது கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில், 'ஊர்க்காரர்' என்றால் உள்ளூர்க்காரர். மற்ற எல்லாரும் அசலூர்க்காரர்கள். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முப்பது வருஷம் ஆனாலும் அவள் 'வாக்கப்பட்டு வந்தவ'தான். பிறந்த ஊரைச் சொல்லியே 'கழுகுமலைக்காரி', 'கயத்தாறுக்காரி' என்று கூப்பிடுவார்கள். 2004-ல் கல்யாணமாகிப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது, முதல் வாரமே எதிர்வீட்டு ஆயா என்னைக் காட்டி யாரிடமோ "அவங்க ஊர்க்காரங்க" என்றது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஏழே நாளில் உள்ளூராக்கிவிட்டார்களே! இங்கே 'ஊர்க்காரங்க', 'ஊர்நாட்டுக்காரங்க' என்றால் எங்கோ ஓர் ஊரை வைத்துக்கொண்டு பிழைப்புக்கு இங்கே வந்தவர்கள் என்று அர்த்தம். அது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அதே சொல்தான், அர்த்தம் நேர் எதிர்.

மெட்ரோ வந்துவிட்டது, துறைமுகத்திலோ மணலிப் பக்கமோ வேலை என்று இப்போது நிறையப் பேர் இங்கே வீடு பார்க்கிறார்கள். அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் பில் எல்லாவற்றையும் வீட்டு புரோக்கர் விளக்கிவிடுவார். தெரு உங்களை என்ன சொல்லிக் கூப்பிடும், எதற்குக் கோபப்படலாம், எதைச் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் சொல்ல மாட்டார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம்: பேர் இல்லாத காலம்

வந்த புதிதில் உங்களுக்குப் பேர் எதுவும் இருக்காது. "மாடி வூட்டுல புதுசா ஒரு பார்ட்டி வந்துக்குது" என்பார்கள். 'பார்ட்டி', 'ஆளு', 'கிராக்கி' மூன்றும் முகம் பழகாதவர்களுக்கான சொற்கள். கிராக்கி என்றால் வாடிக்கையாளர். இந்தி, உருது வழியாக வந்து ரிக்‌ஷாக்காரர்கள் வாயில் புழங்கிய சொல் அது. இருபக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தால் ஆட்டோவிலிருந்து "சாவுகிராக்கி!" என்று சத்தம் வரும். உங்கள் ஊரையோ பேச்சையோ பார்த்துத் திட்டியதாக நினைத்துவிடாதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் தினம் அதை வாங்குகிறார்.

இந்த வாரத்தில் உங்களுக்கு ஒரே வேலைதான். "எந்த ஊரு?" என்று கேட்டால் நிஜ ஊரைச் சொல்லுங்கள். 'சவுத் சைடு' என்று மழுப்பினால் ஊரை வைத்துப் பேர் வைக்க முடியாது. அப்புறம் உங்கள் கண்ணாடியையோ, வழுக்கையையோ, நடையையோ பார்த்து வைப்பார்கள். நம் பக்கங்களில் அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி விசாரணை ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டு ஓனர்கள் சிலர் இங்கேயும் அதற்காகக் கேட்பதுண்டு. ஆனால் டீக்கடையிலும் தண்ணீர் லாரி முன்னாலும் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆவலில் கேட்கிறார்கள். போய்வர அவர்களுக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. பொங்கலுக்கு நான் பை கட்டும்போதெல்லாம் எதிர்வீட்டு ஆயா வாசலில் உட்கார்ந்தபடி, "போய்னு வா கண்ணு. எங்களுக்கு இதான் ஊரு" என்று சொல்லும்.

பேரை விட்டுவிட்டு வாலைக் கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் புண்படுவது இங்கேதான். 'வாங்க, போங்க' என்று பேசியே வளர்ந்த கோயம்புத்தூர்க்காரருக்கு முதல் நாள் காய்கறி வண்டிக்காரர் "இன்னாபா வோணும்?" என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். அந்த 'பா'வில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிள்ளை அப்பாவிடமும் 'பா' போடும், கண்டக்டர் பயணியிடமும் போடுவார், பேரன் தாத்தாவிடமும் போடுவான்.

பெண்களுக்கு 'மே'. "இன்னாமே, தண்ணி புடிச்சிட்டியா?" என்று என்னை முதன்முதலில் கேட்டபோது ஆட்டை மேய்க்கக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. பிறகு பார்த்தால் அக்கா தங்கைகளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கட்டின புருஷன் பெண்டாட்டியைக் கொஞ்சுவதும் அந்த 'மே'யில்தான். ஒருமையில் 'நீ' என்பதும் அப்படியே. பழகியவர்களுக்கு 'நீ', பழகாதவர்களுக்கு 'நீங்க'. ஒரு வருஷம் கழித்தும் உங்களை யாராவது 'நீங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உங்களைத் தள்ளி வைத்திருக்கிறார் என்று கணக்கு.

ஆகவே பேரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதன் வாலைக் கேளுங்கள். மதுரையிலிருந்து வந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். "இன்னா மதுர, டூட்டி முட்ச்சிட்டியா?" என்றால் நல்ல சேர்க்கை. "மதுரக்காரரு" என்றால் மரியாதை, கொஞ்சம் தூரம். "அந்த மதுரக்காரன்" என்று, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே படர்க்கையில் சொன்னால் ஏதோ தகராறு முளைத்திருக்கிறது. வாடகைப் பாக்கியா, வண்டி நிறுத்திய இடமா, மொட்டைமாடித் துணியா என்று விசாரியுங்கள். வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியால் வரும் சண்டைதான் இந்தத் தெருக்களில் அதிகம்.

பேர் எங்கிருந்து வருகிறது

நான் வந்த கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. வீராணம் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு லாரி வரும். வரிசையில் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணிக்கிழிசலோ பெயின்ட் பொட்டோ இருக்கும். நான் எடுத்துப் போனது சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் குடம். அதன் விளிம்பில் பாத்திரக்கடைக்காரர் என் பேரையும் கல்யாணத் தேதியையும் புள்ளிபுள்ளியாக வெட்டிக் கொடுத்திருந்தார். இறக்கி வைத்தபோது 'ணங்' என்று ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் 'சில்வர் கொடம்' ஆனேன். என் பேர் குடத்திலேயே இருந்தும் யாரும் அதைப் படிக்கவில்லை, குடத்தையே எனக்குப் பேராக்கிவிட்டார்கள்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார். துறைமுகத்தில் வேலை பார்ப்பதால் அவருக்கு 'ஆர்பர்' என்று ஏற்கெனவே பேர் விழுந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் தூங்கிப்போய்விட்டேன். அரக்கப்பரக்க ஓடினால் வரிசை வளைந்து நாலாவது வீடு வரைக்கும் நின்றது. நடுவில் ஒரு செங்கல். அதைத் தாண்டித் தன் குடத்தை நகர்த்தப் பார்த்த ஒருவரை மீன் விற்கும் அக்கா அதட்டியது: "ஏய், அது சில்வர் கொடத்தோட எடம். தள்ளு." கல்லை வைத்ததும் அந்த அக்காதான். இரண்டு வாரமாக நான் அவமானம் என்று நினைத்திருந்த பேர், நான் இல்லாத நேரத்தில் எனக்காக வரிசையில் நின்றிருக்கிறது.

ஆக, பேர் எடுக்கும் இடங்கள் சில உண்டு. ஒன்று ஊர். இன்னொன்று வேலை: 'பேங்க்கு', 'கம்பெனி', 'டீச்சரம்மா'. மூன்றாவது கையில் இருக்கும் பொருள். ஊரிலிருந்து முதல் தடவை என்ன கொண்டுவந்து பங்கு வைக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நான் கடலைமிட்டாய் கொடுத்தேன், என் வீடு இன்றைக்கும் 'கடலமுட்டாய் வூடு'. கருவாடு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட வலுவான இடம் உங்கள் வாய்தான். நீங்கள் அடிக்கடி சொல்லும் சொல்லே உங்கள் பேராகிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர்கள் தங்களுக்குள் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்ட சென்னை அவர்கள் அத்தனை பேரையும் அண்ணாச்சி ஆக்கிவிட்டது. முஸ்லிம்கள் ஒருவரையொருவர் 'பாய்' என்றார்கள், ஊரும் பாய் என்றது. சௌகார்பேட்டை வடநாட்டு வியாபாரிகள் 'சேட்' என்று அழைத்துக்கொண்டார்கள், இங்கே அது 'சேட்டு' ஆனது. மூன்றுமே வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த சொற்கள். நான் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்று பேசுவேன். தெருப் பிள்ளைகளுக்கு நான் ரொம்ப நாள் 'அங்கிட்டு அக்கா'வாக இருந்தேன்.

உடையிலிருந்தும் பேர் வரும். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ரயில்வே வேலையை ஒட்டி ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்தன. மக்கள் அவர்களுக்கு வைத்த பேர் 'சட்டைக்காரங்க'. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள் 'பர்மாக்காரங்க'. பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, ரங்கூனைப் படத்தில்கூடப் பார்க்காமல் இருந்தாலும் வீட்டின் பேர் மாறுவதில்லை. எனவே உங்களுக்கு வைக்கும் பேர் உங்கள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சந்தேகமாக இருந்தால் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகர் வரை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே போங்கள். தண்டையார்பேட்டை வரும். ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்றார்கள், தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்பார்கள். 'மஸ்தான்' என்பதும் இறைபோதையில் மயங்கியவர் என்ற பட்டப்பேர்தான். கொஞ்சம் தள்ளிக் காலடிப்பேட்டை. 1717-லிருந்து 1720 வரை கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பேரில் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை அது. காலெட் நம் வாயில் காலடி ஆகிவிட்டார். ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு 'அரண்மனைக்காரத் தெரு' ஆன கதையும் இதுதான். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது, ஆர்மீனியர்களின் பழைய தேவாலயம்தான் இருக்கிறது. வெள்ளைக்கார கவர்னருக்கே இந்த கதி என்றால் உங்கள் பேரை ஒழுங்காக உச்சரிக்கவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

கேலி எது, வசவு எது

கேலியில் முதலிடம் 'பீட்டரு'. டீக்கடையில் போனை எடுத்து இங்கிலீஷில் இரண்டு நிமிஷம் பேசினால் போதும், "பீட்டரு வுட்றாரு" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். இரண்டாவது 'சீன் பார்ட்டி'. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அடுத்த டீக்கு நீங்கள் காசு கொடுங்கள். 'டுபாக்கூரு' என்றால் போலி. சொன்ன நாளில் சொன்னதைச் செய்யாதவருக்கு அது கிடைக்கும்.

'பேமானி' கொஞ்சம் கனமானது. உருதுவில் நேர்மை கெட்டவன் என்று பொருள். பண விஷயத்தில் வந்தால் சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள். 'கஸ்மாலம்' சமஸ்கிருதத்தில் அழுக்கைக் குறிக்கும் சொல். சினிமாவில் இதைக் கேட்டுக்கேட்டு இங்கே எல்லாரும் நாள் முழுக்க இப்படியே பேசுகிறார்கள் என்று வருபவர்கள் நினைக்கிறார்கள். என் தெருவில் நான் கேட்டது ஒரு கை விரலில் அடங்கும். அதிலும் பாதி, குழாயில் தண்ணீர் வராதபோது குழாயைப் பார்த்துச் சொன்னது.

நீங்கள் வாயில் எடுக்கக் கூடாதவை

ஒரு வருஷம் இருந்ததும் கொஞ்சம் தைரியம் வரும். 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை' நடப்பது அப்போதுதான். இன்னாபா, நைனா என்று பாஷை பேசிப் பார்க்க ஆசையாக இருக்கும். சினிமா மெட்ராஸ் பாஷையை மட்டும் பேசாதீர்கள். அது உங்கள் வாயில் ஒட்டாது, கேட்பவர்களுக்குத் தங்களை நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். ஊர்ப் பேச்சையே பேசுங்கள், அதைத்தான் ரசிப்பார்கள்.

'கொல்ட்டி' வேண்டவே வேண்டாம். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். 'நைனா'வே அங்கிருந்து வந்ததுதான். அந்த வசவைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நீங்கள் நிற்பது யார் வீட்டு வாசல் என்று உங்களுக்குத் தெரியாது. 'வடக்கன்' என்பதும் அதே கணக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் உங்களைப் போலவே பேர் கிடைக்கக் காத்திருப்பவர்கள். 'தம்பி' என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பார்கள்.

'லோக்கல்' ஒரு விசித்திரமான சொல். இங்கே பிறந்தவர் நெஞ்சை நிமிர்த்தி "நாங்க லோக்கலு" என்பார். நீங்கள் ஒரு கடையையோ கல்யாணத்தையோ பார்த்து "ரொம்ப லோக்கலா இருக்கு" என்றால் மட்டமாக இருக்கிறது என்று பொருளாகிவிடும். ஒரே சொல், சொல்கிற வாயைப் பொறுத்துப் பெருமையாகவும் வசவாகவும் மாறும். அந்தச் சொல்லை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது 'புறம்போக்கு'. தெற்கே நாங்கள் உருப்படாத பயலை அப்படித் திட்டி வளர்ந்தவர்கள். வருவாய்க் கணக்கில் அது ஓர் ஆளைக் குறிப்பதில்லை. வரி விதிக்காத பொதுநிலம்: ஆறு, ஏரி, கரை, பாதை, மேய்ச்சல், சுடுகாடு. கால்வாய்க் கரையிலும் கடலோரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு அது வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் நோட்டீஸில் இருக்கும் சொல். வந்த புதிதில் ஒரு கிரிக்கெட் பந்து ஜன்னலை உடைத்தபோது பையன் ஒருவனை நான் அப்படித் திட்டினேன். பையன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். வாசலில் நின்றிருந்த அவன் அம்மா சிரிக்கவில்லை. அவர் மறுபடி என்னோடு பேச எட்டு மாதம் ஆனது.

வைத்த பேர் பிடிக்கவில்லை என்றால்

நிறத்தையோ உடல் குறையையோ வைத்து யாராவது கூப்பிட்டால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டத்தில் வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள், அந்தப் பேர் அன்றே நிரந்தரமாகிவிடும். தெருவில் பெரிய மனுஷியாக ஓர் ஆயா இருக்கும். சாயங்காலம் போய் வாசலில் உட்கார்ந்து, "ஆயா, அந்தப் பேரு எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லுங்கள். மறுநாளே அது ஒரு அதட்டல் போட்டுவிடும். கூடவே மாற்றாக ஒரு பேருக்கும் நீங்களே வழி செய்துவிடுங்கள். ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் சந்தில் 'வழுக்க' என்று கூப்பிடப்பட்ட ஒருவர் ஒரு முழு ஆண்டுப் பரீட்சை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு சொல்லிக் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவர் 'கணக்கு சாரு' ஆகியிருந்தார்.

திருப்பி வைப்பது எப்போது

அவசரப்பட வேண்டாம். செங்கல் வைத்து எனக்கு இடம் பிடித்துக் கொடுத்த மீன்கார அக்காவை முதுகுக்குப் பின்னால் தெருவே 'வவ்வா' என்றுதான் சொல்லும். வவ்வால் மீன்தான் அவரிடம் பேர்போன சரக்கு. இரண்டு வருஷம் ஆயிற்றே என்ற தைரியத்தில் ஒரு நாள் நானும் நேருக்கு நேர் "வவ்வாக்கா, கால் கிலோ குடு" என்றேன். கத்தி பாதி மீனில் நின்றது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "மீனு வாங்க வந்தா அக்கான்னு கூப்டு. சண்டைக்கி வந்தா வவ்வான்னு கூப்டு" என்றது. அப்புறம் கால் கிலோவுக்கு மேலேயே போட்டுக் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறேன். 2019 கோடையில் மறுபடி லாரித் தண்ணீர்தான் கதி என்று ஆகி, குடத்தை முன்னே பின்னே நகர்த்தியதில் எங்களுக்குள் பெரிய சண்டை. தெருவுக்கே கேட்கும்படி "போ வவ்வா!" என்று கத்திவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் விடிகாலை தயங்கித் தயங்கிக் குடத்தோடு போய் நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடத்தில் செங்கல் இருந்தது.